முன் டயர் மாற்றிய ஞாயிறு

ஒக்டோபர் பன்னிரண்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி ஐந்து நிமிடம். வெப்பநிலை ஒன்பது பாகை. காற்று இல்லை. இரவு பெய்த மழை வீதியில் காயாமல் கிடந்தது. இன்னும் பெய்யும் போலவும் இருந்தது.

கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டு முன்புறச் சீமெந்துத் தரையில் என் மகள் வாணி முழங்காலில் நின்று, தன் மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். மடியில் ஒரு பிஸ்கட் டின் மூடி. அவள் கழற்றித் தரும் போல்ட்களை வாங்கி அந்த மூடியில் வைப்பது என் வேலை. வேலையோடு ஒரு நிபந்தனையும் இருந்தது.

"அப்பா, நீங்கள் இதிலை இருக்கலாம். ஆனால் பைக்கைப் பற்றி இண்டைக்கு ஒரு வார்த்தை கதைக்கக் கூடாது."

"ஓம்," என்றேன்.

"சத்தியமா?"

"ஓம் எண்டு சொல்லிப்போட்டனே."

என் மனைவி புவனம் தேநீருடன் வாசலில் நின்றாள். "இஞ்சாருங்கோ, வாயை மூடிக்கொண்டிருந்தால் உங்களுக்கு மூச்சு வருமே?" என்றாள்.

ஆறு போல்ட்கள் வந்திருந்தன. ஆறும் மூடியில் இருக்கின்றனவா என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன்.

ஸ்ட்ரெதம் அறை

வாணிக்கு முப்பத்தாறு வயது. தேம்ஸ் நதிக்குத் தெற்கே ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. எங்கள் வீட்டிலிருந்து பதினான்கு மைல். ரயில்கள் ஒழுங்காக ஓடாத ஒரு குளிர்காலத்தில் அவள் இந்த மோட்டார் சைக்கிளை வாங்கினாள். ரயில்கள் பிறகு ஒழுங்காக ஓடத் தொடங்கின. ஆனால் அவள் வண்டியை விடவில்லை.

விடு என்று நான் சொல்லாத நாள் இல்லை. சாப்பாட்டு மேசையில் சொன்னேன். தொலைபேசியில் சொன்னேன். மழை நாளில் மழையைக் காட்டிச் சொன்னேன், வெயில் நாளில் வெயிலில் எல்லோரும் வேகமாக ஓடுவார்கள் என்று சொன்னேன்.

செப்டம்பரில் ஒரு நாள் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. தன்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணின் வீட்டில், ஸ்ட்ரெதமில், ஓர் அறை காலியாக இருக்கிறது என்றாள். ஒக்டோபர் முடியும் வரை அந்தப் பெண் காத்திருப்பாள் என்றாள்.

"நான் போக விரும்பேல்லை, அப்பா. ஆனால் ஒவ்வொரு நாளும் வேலைக்கு வெளிக்கிடேக்கை நீங்கள் செத்தவீட்டு முகத்தோடை வாசல்லை நிண்டால், எனக்கு ரோட்டிலை அந்த முகம்தான் தெரியுது. அதுதான் டேஞ்சர்."

அன்றிலிருந்து எனக்குப் பயம் இரண்டாகிவிட்டது. அவள் வண்டியில் போய் விழுந்துவிடுவாள் என்பது ஒன்று. அதை நான் வாய்விட்டுச் சொன்னால் வீட்டை விட்டே போய்விடுவாள் என்பது மற்றது. ஒன்றை அடக்கினால் மற்றது எழும்பும். வாசலில் நிற்பதை நிறுத்தினேன். மேல்மாடி யன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன்.

முன் டயர் தேய்ந்திருப்பதையும் இப்படி ஒளித்துத்தான் கண்டேன். அவள் குளிக்கும் நேரம் பார்த்து டோர்ச் லைட்டுடன் கீழே போய்ப் பார்ப்பேன். டயரின் பள்ளங்களுக்குள்ளே சிறுசிறு மேடுகள் உண்டு. ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயர் முடிந்தது என்று பொருள். இரண்டு இடத்தில் சமமாக வந்திருந்தது. சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. மூன்றாம் நாள் காலையில் புதுடயர் ஒன்று பார்சலில் வந்து இறங்கியது. அவளுக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

கடையில் பூட்டித் தருவதற்கு அடுத்த வியாழன்தான் நேரம் கொடுத்தார்கள். அவளுக்குத் திங்கள் காலை ஆறு மணிக்கு வெளிக்கிட வேண்டும். "நானே மாத்துவன். வீடியோ பாத்தனான்," என்றாள். நெம்புகோல்களும் வாங்கி வைத்திருந்தாள்.

நாலாம் இலக்கப் பம்ப்

என் பயத்துக்கு ஒரு முகம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நான் வெறும் தொணதொணப்புக் கிழவன் என்று வாசகர்கள் நினைப்பார்கள். புவனம் அப்படித்தான் நினைக்கிறாள், அது வேறு.

இந்த நாட்டுக்கு வந்த ஆரம்ப வருடங்களில் நான் ஒரு பெட்ரோல் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து காசு வாங்கியவன். அதற்கு முன்பு ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வரைபடம் வரைந்தேன். இங்கே என் படிப்பைக் கேட்பார் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தபடி வருகிறவர்களை எண்ணினேன்.

மோட்டார் சைக்கிளில் பார்சல் கொண்டு திரிகிற ஒருவன் தினமும் பின்னேரம் வருவான். எப்போதும் நாலாம் இலக்கப் பம்ப். எப்போதும் ஒரு பாற்கட்டிச் சாண்ட்விச். ஹெல்மெட்டைக் கழற்றமாட்டான், முன்கண்ணாடியை மட்டும் தூக்குவான். எனக்கு அவனுடைய கண்களும் மூக்கும்தான் தெரியும். "ஓல்ரைட், போஸ்" என்பான். பெயர் தெரியாது.

ஒரு கிழமை அவன் வரவில்லை. லீவில் போயிருப்பான் என்று நினைத்தேன். அடுத்த கிழமையும் வரவில்லை. அதன் பிறகு வரவே இல்லை.

வேறு வேலை கிடைத்திருக்கலாம். பாதை மாறியிருக்கலாம். எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. விழுந்தான் என்று யாராவது வந்து சொல்லியிருந்தால் ஒரு நாள் துக்கப்பட்டு விட்டிருப்பேன். யாரும் சொல்லாததால் அந்த மனிதன் இன்னும் என் மனதில் விழுந்துகொண்டே இருக்கிறான். இத்தனை வருடம் கழித்து அவனுடைய முன்கண்ணாடிக்குள் என் மகளின் கண்கள் தெரிகின்றன.

டப் என்ற சத்தம்

சக்கரம் கழன்று வந்தது. பிரேக்கின் இறுக்கும் பகுதியை வாணி ஒரு கயிற்றில் கட்டித் தூக்கிவிட்டாள், குழாய் இழுபடாமல் இருக்க. அடுத்து டயரின் காற்றை இறக்கினாள். சீறிய சத்தம் நின்றபின், தச்சர்கள் பாவிக்கும் பெரிய இறுக்கியால் ரப்பரை நெருக்கிப் பிடித்து இரும்பு விளிம்பிலிருந்து பிரித்தாள். நெம்புகோல்களைச் செருகி டயரை ஒவ்வொரு பிடியாக வெளியே வளைத்தாள். அவள் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது.

நெம்புகோல் ஒன்று தெறித்து என் கதிரைக் காலில் பட்டது.

"பிள்ளை, கவ..." என்று தொடங்கி நிறுத்தினேன்.

"என்ன?"

"ஒண்டுமில்லை. கவனமா எண்ணி வைச்சிருக்கிறன் எண்டு சொல்ல வந்தனான்."

சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் போதும் என்று இருந்தது.

புது டயருக்குச் சவர்க்கார நுரை பூசினாள். சுற்றும் திசைக்கு அதன் பக்கத்தில் ஓர் அம்புக்குறி உண்டு. அதை நான் மூன்று முறை பார்த்தேன், வாயால் அல்ல, விரலால் காட்டினேன். "ஓம், சரி," என்று அவளும் மூன்று முறை தலையாட்டினாள். பெரியதொரு பொறுமை.

காற்றடிக்கும்போது எங்கள் சைக்கிள் பம்ப் போதவில்லை. பக்கத்து வீட்டுக் கார்த்திக் மதில் மேலால் எட்டிப் பார்த்தார். மதுரைக்காரர், கணினி வேலை. எனக்கு மகன் வயது, ஆனாலும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன சார், காலையிலேயே மெக்கானிக் ஷெட் போட்டாச்சா? பம்ப் வேணுமா? என்கிட்ட எலெக்ட்ரிக் பம்ப் இருக்கு, இருங்க."

அவருடைய பம்ப் உறுமியது. டயர் மெல்ல மெல்ல விரிந்து, திடீரென்று "டப்" என்று விளிம்பில் உட்கார்ந்தது. நான் கதிரையில் இருந்து எழுந்தேவிட்டேன். போல்ட் மூடி சரிந்தது. ஆறையும் பொறுக்கி எடுத்துத் திரும்பவும் எண்ணினேன்.

"அது உக்காந்தாத்தான் சார் நல்லது. சத்தம் வரலைன்னாதான் பயப்படணும்," என்றார் கார்த்திக். அதோடு போயிருக்கலாம். போகவில்லை. "பூஜை போட்டீங்களா? எங்க வீட்ல ஆயுத பூஜைக்கு காருக்கே சந்தனம் குங்குமம் எல்லாம் வெச்சோம். புது டயர் வேற. எலுமிச்சம்பழத்த நசுக்கித்தான் சார் எடுக்கணும். சும்மா எடுக்கக்கூடாது."

நான் படித்தவன். திருநீறு பூசுவேன், ஆனால் இயந்திரத்துக்குக் கண்ணூறு படும் என்று நம்புகிறவன் அல்ல. அதற்கு முந்தின நிமிடம் வரை எனக்கு எலுமிச்சம்பழ ஞாபகமே இல்லை. ஆனால் ஒருவர் "சும்மா எடுக்கக்கூடாது" என்று சொல்லிவிட்ட பிறகு, சும்மா எடுக்க விட எனக்கு மனம் வரவில்லை.

குங்குமம்

பதினொன்றரைக்குச் சக்கரம் திரும்பவும் பூட்டப்பட்டது. ஆறு போல்ட்களும் தத்தம் இடத்துக்குப் போயின. பிரேக் பிடியை வாணி பல தடவை அழுத்தி இறுக்கம் வந்ததைப் பார்த்தாள். பிறகு கை கழுவ உள்ளே போனாள்.

புவனம் தட்டுடன் வந்தாள். முன் லைட்டில் சந்தனம் வைத்தாள், பெட்ரோல் தாங்கியில் திருநீறு. சக்கரத்துக்கு முன்னால் ஓர் எலுமிச்சம்பழம்.

"போதுமே?" என்றாள்.

"போதும்."

அவள் உள்ளே போனாள், சோறு அடுப்பில் இருந்தது. தட்டு என் கையில்.

எனக்குப் போதவில்லை. லைட் எதற்குக் காவல்? தாங்கி எதற்குக் காவல்? இந்த வண்டியில் நான் நம்புகிற பொருள் ஒன்றே ஒன்றுதான், அது நிறுத்துகிற பொருள். முன் சக்கரத்தின் இடது பக்கம், மதிலோரமாக, பிரேக் தட்டு பளபளவென்று வட்டமாக இருந்தது. காவல் அங்கேதானே வேண்டும் என்று என் புத்தி சொன்னது.

குளிர்ந்த இரும்பில் குங்குமம் ஒட்டவில்லை, உதிர்ந்தது. தட்டில் இருந்த சிறு விளக்கின் நல்லெண்ணெயில் விரலைத் தோய்த்தேன். எண்ணெயோடு குங்குமம் அழகாக ஒட்டியது. ஐந்து பொட்டு வைத்தேன். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் காவலும் ஒரு பக்கம்தான் என்று தோன்ற, விரலை வளைத்து மறுபக்கமும் ஐந்து.

வாணி ஹெல்மெட்டுடன் வெளியே வந்தாள். சந்தனத்தைப் பார்த்துச் சிரித்தாள். "எனக்கே இவ்வளவு பொட்டு வைக்கேல்லை," என்றாள். மதில் பக்கத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்க என்ன காரணம்?

எலுமிச்சம்பழம் நசுங்கியது. வாயிலில் ஒரு தரம் நிறுத்திப் பார்த்தாள், நின்றது. சக்கரம் அரைச் சுற்றுக்கூட உருண்டிருக்காது. "கீழை சந்தி மட்டும் போட்டு வாறன்," என்று புறப்பட்டாள்.

சந்தி

எங்கள் வீதி சரிவு. அடியில் பெரிய வீதியைச் சந்திக்கும் இடத்தில் வெள்ளைக்கோடு. வாசலில் நின்றால் எல்லாம் தெரியும்.

அவள் வேகமாகப் போகவில்லை. அதை நான் எங்கேயும் சொல்வேன். கோட்டுக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது, பிரேக் பிடிக்கிறாள் என்று தெரிந்தது. ஆனால் வண்டி நிற்கவில்லை. பின்பக்கம் இடமும் வலமும் ஆடியது. அவளுடைய இரண்டு கால்களும் வீதியில் இழுபட்டன. வெள்ளைக்கோட்டைத் தாண்டியது.

பெரிய வீதியில் ஒரு பஸ் வந்தது. அதன் ஹோர்ன் நீளமாக அடித்தது. பஸ் வந்து குறுக்கே நின்று அவளை மறைத்தது.

நான் அந்த பஸ்ஸின் பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிவப்புத் தகரம். யன்னல்களில் ஆட்கள். அவர்கள் எல்லோரும் மறுபக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னால் ஓட முடியவில்லை. கூப்பிடவும் முடியவில்லை. என் வாழ்க்கையில் எண்ணாமல் கழிந்த நேரம் அது ஒன்றுதான். எவ்வளவு நேரம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பஸ் நகர்ந்தது. வீதியின் மறுகரையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். வண்டியும் நின்றுகொண்டிருந்தது.

அவள் அதை உருட்டிக்கொண்டு மேட்டில் ஏறி வந்தாள். நான் பாதி வழி போனேன். வீடு வந்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தருகே குந்தினாள். பிரேக் தட்டில் விரல் வைத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"அப்பா, பிரேக் சாமியறை மணக்குது."

புவனம் வாசலுக்கு வந்துவிட்டாள். "நான் லைட்டிலைதான் வைச்சனான், பிள்ளை."

"நான்தான்," என்றேன். "ஒட்டேல்லை. அதுதான் எண்ணெய்..."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. வாசற்படியில் இருந்தாள். கையுறையைக் கழற்றப் பார்த்தாள். அது வரவில்லை. புவனம் குனிந்து, குழந்தைக்குக் கழற்றுவதுபோல ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றிவிட்டாள்.

"ஒரு வார்த்தை கதைக்கக்கூடாது எண்டு சொன்னனான்," என்றாள் வாணி. "நீங்கள் ஒரு வார்த்தையும் கதைக்கேல்லை. எண்ணெய் வைச்சிட்டியள்."

"பிள்ளை..."

"நான் வெளிக்கிடாமல் இருக்கிறதுக்கோ வைச்சனீங்கள்?"

அதுதான் என்னைக் கொன்ற கேள்வி. புவனம் நிமிர்ந்து, "விசர்க் கதை கதையாதை," என்று அவளை அதட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்கும் விசர்தான்," என்றாள்.

"நீ நிக்கவேணும் எண்டுதான் வைச்சனான்," என்றேன். "நிக்க வேண்டிய இடத்திலை நிக்கவேணும் எண்டு."

வாணி என்னைப் பார்த்தாள். அவள் நம்பினாள் என்று நினைக்கிறேன்.

அப்ப நட

எண்ணெய் ஏறிய பிரேக் கட்டைகளைத் துடைத்துப் பாவிக்கக்கூடாதாம், புதிது போடவேண்டுமாம். கார்த்திக் தன் காரில் வாணியைக் கடைக்குக் கூட்டிப்போனார். "சாரி சார், நான் எலுமிச்சம்பழம் மட்டுந்தான் சொன்னேன்," என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். பாவம், அவருடைய முகமும் வெளுத்திருந்தது.

துப்புரவு ஸ்ப்ரேயால் பிரேக் தட்டைக் கழுவும்போது துணி பிடிக்கும் வேலையை வாணி எனக்கே தந்தாள். வெள்ளைத் துணியில் சிவப்பு வந்தது. மூன்று துணி மாற்றினோம். நான்காவது வெள்ளையாகவே திரும்பி வந்தது. அவள் புதுக் கட்டைகளைப் போட்டுப் பூட்டினாள்.

"இப்ப ஒருக்கால் போட்டு வரவேணும்," என்றாள்.

"பொறு," என்றேன். "நான் முதல்லை கீழை போறன்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. நான் சரிவில் இறங்கிப் போய்ச் சந்தியில், வெள்ளைக்கோட்டின் நுனியில், நடைபாதையில் நின்றேன். பின்னால் பெரிய வீதியின் இரைச்சல். அவள் மேலே வீட்டடியில் இருந்து புறப்பட்டாள். பாதி வழியில் ஒரு தரம் பிரேக் பிடித்துப் பார்த்தாள், வண்டி மூக்கைத் தாழ்த்தி நின்றது. திரும்பவும் வந்தாள். அந்த ஒற்றை லைட் என்னை நோக்கிப் பெரிதாகிக்கொண்டு வந்தது. இந்த லைட்டை இவள் ஒவ்வொரு நாளும் பதினான்கு மைல் போகவும் பதினான்கு மைல் வரவும் தள்ளிக்கொண்டு போகிறாள். மேல்மாடித் திரைக்குப் பின்னால் இருந்து பார்க்கும்போது அந்தத் தூரம் எனக்குத் தெரிந்ததில்லை.

கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றாள். அசையாமல் நின்றாள். முன்கண்ணாடியைத் தூக்கினாள்.

"பாத்தியளே? பிடிக்குது."

"ஓம்."

"பயந்து போனியளோ?"

"ஓம்."

"நானும்தான்," என்றாள். இந்த வண்டி வாங்கிய நாளிலிருந்து அவள் அப்படிச் சொன்னது இதுவே முதல் தடவை.

"அந்த அறை இன்னும் இருக்குதோ?" என்று கேட்டேன்.

"எந்த அறை?"

"ஸ்ட்ரெதம்."

அவள் என்ஜினை நிறுத்தினாள். "இருக்கு. ஏன்?"

"அங்கையிருந்து ஹொஸ்பிட்டலுக்கு எவ்வளவு தூரம்?"

"நடக்கலாம். இருபது நிமிஷம்."

"அப்ப நட," என்றேன்.

"அப்பா, நான் கோவத்திலை சொன்னனான். நீங்கள் இப்ப அதை..."

"நான் கோவத்திலை சொல்லேல்லை. பைக்கை விடச் சொல்லவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையிலை இதிலையே வா. ஒரு நாள் எண்டால் எனக்குப் பயப்பட ஏலும். கிழமையிலை அஞ்சு நாள் எனக்கு ஏலாது, பிள்ளை."

பின்னால் வந்த கார் ஒன்று ஹோர்ன் அடித்தது. அவள் திரும்பிக் கையைத் தூக்கிக் காட்டினாள்.

"நீங்கள் அம்மாவோடை தனிய இருப்பியளே? அவ உங்களைப் பேசியே..."

"அவ இப்பவும் பேசுறாதானே."

அவள் கண்கள் சுருங்கின. ஹெல்மெட்டுக்குள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. கார் இரண்டாம் முறையும் ஹோர்ன் அடித்தது. அவள் என்ஜினைப் போட்டு, பெரிய வீதியில் இடப்பக்கம் திரும்பி, சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வரப் போனாள். நான் சரிவில் மெல்ல ஏறினேன். நான் வாசலை அடைவதற்குள் அவள் வந்துவிட்டாள்.

மாத முடிவில் மூன்று பெட்டிகளுடன் ஸ்ட்ரெதம் போய்விட்டாள். முற்பணத்தை நான் கட்டுவேன் என்று பிடிவாதமாக நின்றேன், அன்றைய செலவில் அதுவும் சேர்த்திதான் என்று சொன்னேன். டயர் எண்பத்தாறு பவுண்ட் நாற்பது பென்ஸ். நெம்புகோல்கள் பதினெட்டுப் பவுண்ட் தொண்ணூற்றொன்பது. பிரேக் கட்டைகள் இருபத்தேழு பவுண்ட் ஐம்பது. துப்புரவு ஸ்ப்ரே ஆறு பவுண்ட் இருபத்தைந்து. அறைக்கு முற்பணம் எண்ணூற்று எழுபத்தைந்து.

மொத்தம் ஆயிரத்துப் பதினான்கு பவுண்ட், பதினான்கு பென்ஸ்.